உங்களுக்குத் தெரியுமா? அடுக்கி வைத்த ஸ்விட்ச்சும் அடிக்க மறந்த ‘ரைட்’டும்

இந்த முறை சர்வர் ரூமுக்குள் நுழைகிறோம். ரேக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கும் ஸ்விட்ச்சுகள், அவற்றின் முதுகைக் கோக்கும் தடித்த கேபிள்கள், உள்ளே இருக்கும் கன்ஃபிக் ஆகியவை பற்றிய துணுக்குகள். பெரும்பாலும் சிஸ்கோ கேட்டலிஸ்ட்டை வைத்தே பேசியிருக்கிறேன். நம் அலுவலகங்களில் அதிகம் கண்ணில் படுவது அதுதான். மற்றவர்களும் நடுநடுவே வருவார்கள்.

ஒன்பது பெட்டி, ஒரே ஸ்விட்ச்

சிஸ்கோ 2003-ல் கேட்டலிஸ்ட் 3750-ஐ இறக்கியபோது அதோடு வந்ததுதான் ஸ்டேக்வைஸ். பின்பக்கத்துத் தனி சாக்கெட்டுகளில் கேபிள் மாட்டினால் ஒன்பது பெட்டிகள் வரை சேர்ந்து ஒரே ஸ்விட்ச்சாகிவிடும். ஒரே ஐபி, ஒரே கன்ஃபிக், ஒரே லாகின். போர்ட்டின் பெயரில் 3/0/17 என்று இருந்தால் மூன்றாவது பெட்டியின் 17-வது போர்ட் என்று அர்த்தம். அன்றைக்கு அந்த வளையத்தின் வேகம் 32 ஜிகாபிட். அடுத்து வந்த 3750-இ 64, அதற்கும் பிறகு வந்த 3850 480 ஜிகாபிட் என்று ஏறிக்கொண்டே போனது.

முழு வளையமா, அரை வளையமா?

ஸ்டேக் கேபிள்கள் வளையமாகக் கோக்கப்பட வேண்டும். முதல் பெட்டியிலிருந்து இரண்டாவதுக்கு, இரண்டிலிருந்து மூன்றுக்கு, கடைசிப் பெட்டியிலிருந்து மறுபடி முதலுக்கு. எத்தனை பெட்டியோ அத்தனை கேபிள்; இரண்டே பெட்டி என்றாலும் கேபிள் இரண்டு.

நடைமுறையில் விடுபடுவது அந்தத் திரும்பும் கேபிள்தான். 3750 பெட்டியோடு வந்தது அரை மீட்டர் கேபிள் ஒன்று. பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகளைக் கோக்க அது போதும். உயரமான அடுக்கில் மேலிருந்து கீழே திரும்பி வர ஒரு மீட்டரோ மூன்று மீட்டரோ தனியாக வாங்க வேண்டும். “அப்புறம் ஆர்டர் போட்டுக்கலாம் சார்” என்று இன்ஸ்டால் செய்ய வந்தவர் சொல்லிவிட்டுப் போவார். அந்த அப்புறம் வராமலே போன ரேக்குகள் ஏராளம்.

வளையம் அறுந்திருந்தாலும் ஸ்டேக் ஓடும். இதுதான் சிக்கல். எல்லாப் பெட்டியும் ‘ரெடி’ என்று காட்டும், பயனர்களிடமிருந்து ஒரு புகாரும் வராது. வேகம் பாதியாகியிருக்கும், இன்னொரு கேபிள் போனால் ஸ்டேக் இரண்டாகப் பிளந்துவிடும் என்ற நிலையிலேயே மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். ‘ஷோ ஸ்விட்ச் ஸ்டேக்-ரிங் ஸ்பீட்’ என்று அடித்துப் பாருங்கள். வருவது மூன்றே வரி. நடுவரியில் ‘ஃபுல்’ என்று இருந்தால் நிம்மதி. ‘ஹாஃப்’ என்று இருந்தால் எழுந்து போய் ரேக்கின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டியதுதான். 3850-ல் 480-க்குப் பதில் 240 என்றே காட்டிக்கொடுத்துவிடும்.

அட்டவணையின் வலதுபக்கம்

‘ஷோ ஸ்விட்ச்’ என்ற கட்டளையோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். அது பெட்டிகள் இருக்கின்றனவா என்று மட்டும் சொல்லும். கேபிள்களின் உடல்நிலையைச் சொல்லாது. அதற்கு ‘ஷோ ஸ்விட்ச் ஸ்டேக்-போர்ட்ஸ் சம்மரி’ வேண்டும்.

ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு வரி, ஸ்டேக் போர்ட்டுக்கு ஒன்று. இடமிருந்து படித்தால் போர்ட் ஓகேயா டவுனா, மறுமுனையில் எந்தப் பெட்டி, கேபிளின் நீளம் என்ன என்று வரும். ஆமாம், 50 சென்டிமீட்டரா 3 மீட்டரா என்று ஸ்விட்ச்சே சொல்லும். அதற்கப்புறம் மூன்று நிலைப் பத்திகள். லிங்க் ஓகே என்றால் இணைப்பு உயிரோடு இருக்கிறது. லிங்க் ஆக்டிவ் என்றால் மறுமுனையும் அதே நிலையில் இருக்கிறது, அந்த வழியே டிராஃபிக் போக முடியும். சிங்க் ஓகே என்றால் எதிர்ப் பெட்டி அனுப்பும் ஸ்டேக் செய்திகள் சரியாக வந்து சேர்கின்றன.

நான் முதலில் பார்ப்பது இவற்றுக்கும் வலப்பக்கம் உள்ள எண்ணைத்தான். லிங்க் ஓகே எத்தனை தடவை மாறியது என்ற கணக்கு அது. மற்ற போர்ட்டுகளில் 1, 2 என்றிருக்க, ஒரே ஒரு போர்ட்டில் மட்டும் 86 என்றிருந்தால், இந்த நிமிஷம் அது ‘ஓகே’ என்று காட்டினாலும் நம்ப வேண்டாம். கேபிள் விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருக்கிறது. எண்ணைக் குறித்துக்கொண்டு ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். ஏறியிருந்தால் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது, அல்லது கேபிளை மாற்றும் காலம் வந்துவிட்டது.

கடைசிப் பத்தியான ‘இன் லூப்பேக்’ பெயரால் பயமுறுத்தும். ‘யெஸ்’ என்று இருந்தால் அந்தப் பெட்டியின் எந்த ஸ்டேக் போர்ட்டிலும் கேபிள் இல்லை, அவ்வளவுதான்.

ஆட்டிப் பார்க்காதீர்கள்

கேபிளை உருவித் திரும்பச் செருகிப் பார்ப்பது நம்மவர்களின் முதல் வைத்தியம். ஸ்டேக் கேபிளுக்கு அது நல்லதல்ல. தேவையில்லாமல் கழற்றி மாட்டினால் ஆயுள் குறையும் என்றும், கழற்றி மாட்டுவது 200 முறை வரை தாங்கும் என்றும் சிஸ்கோவின் ஹார்டுவேர் கையேடே எச்சரிக்கிறது. இருபக்க ஸ்க்ரூவையும் கையால் இறுக்கிவிட்டு, கனமான கேபிள் தன் எடையில் தொங்காதபடி கட்டி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

கை வைக்காமலே ஒரு கேபிளை நிறுத்தலாம்

‘ஸ்விட்ச் 2 ஸ்டேக் போர்ட் 1 டிசேபிள்’ என்று ஒரு கட்டளை இருக்கிறது. துள்ளிக்கொண்டிருக்கும் கேபிளை உட்கார்ந்த இடத்திலிருந்தே வளையத்திலிருந்து விலக்கிவிடலாம். இதில் எனக்குப் பிடித்தது அதன் முன்யோசனை. முழு வளையமாக இருந்தால் கேள்வி கேட்டுவிட்டு ஒரு போர்ட்டை மூடும். வளையம் ஏற்கெனவே அறுந்திருந்து, இதையும் மூடினால் ஸ்டேக் உடைந்துவிடும் என்றால் மறுத்துவிடும். நெட்வொர்க் கருவிகளில் இப்படி நம்மிடமிருந்து நம்மைக் காப்பாற்றும் கட்டளைகள் குறைவு.

பிளந்தால் என்ன ஆகும்?

இரண்டு இடத்தில் கேபிள் போனால் ஒரு ஸ்டேக் இரண்டு ஸ்டேக் ஆகிறது. இரண்டிடமும் ஒரே கன்ஃபிக் என்பதால் இரண்டும் ஒரே ஐபியைச் சொந்தம் கொண்டாடும். பிங் ஒருமுறை வரும், ஒருமுறை வராது. எந்தப் பாதியில் லாகின் ஆனோம் என்றே தெரியாது. எச்3சி, எச்பி வகையறாக்களின் ஐஆர்எஃப் அடுக்கில் இதற்கென்றே ‘மேட்’ என்ற கண்காணிப்பு உண்டு. பிளவைக் கண்டதும் ஒரு பாதியின் போர்ட்டுகளை அதுவே மூடிவிடும். ஜூனிப்பரின் வர்ச்சுவல் சேசிஸிலும் பிளவு கண்டறிதல் உண்டு. இரண்டே பெட்டி கொண்ட சேசிஸ் என்றால் அதை அணைத்து வைக்கச் சொல்கிறார்கள். இல்லாவிட்டால் ஒன்று செத்தால், நல்ல நிலையில் இருக்கும் மற்றதும் ஒதுங்கிவிடலாம்.

15 என்ற எண்ணிடம் ஜாக்கிரதை

ஸ்டேக்கில் தலைவர் தேர்தல் நடக்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் 1 முதல் 15 வரை முன்னுரிமை எண்; பெரிய எண்ணுக்கே வெற்றி. எல்லாம் சமமாக இருந்து கடைசிக் கட்டம் வரை போனால் சிறிய மேக் முகவரி ஜெயிக்கும். அது பெரும்பாலும் அடுக்கிலேயே பழைய பெட்டியாக இருக்கும்! ஆகவே எண்ணைக் கொடுக்காமல் விடுவது, யார் தலைவர் என்பதைத் தொழிற்சாலையின் முடிவுக்கு விடுவதுதான்.

எண்ணை மாற்றிய உடனே தலைவர் மாறமாட்டார். அடுத்த தேர்தலில்தான் அது கணக்கில் வரும். இதுவரை பாதகமில்லை. பாதகம் வருவது, பழுதான பெட்டிக்குப் பதில் ஸ்டோரிலிருந்து வேறொன்றை எடுத்துவந்து, கரண்ட் கொடுத்து ஓடவிட்டபடியே ஸ்டேக் கேபிளை மாட்டும்போது. அதைப் பெட்டி சேர்ப்பதாக ஸ்டேக் எடுத்துக்கொள்ளாது. இரண்டு ஸ்டேக்குகள் இணைவதாக எடுத்துக்கொள்ளும். தேர்தல் வைக்கும். ஸ்டோர் பெட்டி முன்பு வேறெங்கோ தலைவராக இருந்து 15 என்ற எண்ணோடு வந்திருந்தால் அதுவே ஜெயிக்கும். தோற்ற பக்கம் மொத்தமும் ரீலோட் ஆகி, அந்தப் புதிய தலைவரின் வெற்றுக் கன்ஃபிக்கை ஏற்றுக்கொண்டு எழுந்திருக்கும். ஒரு மாடி முழுக்க நெட் போகும். அதனால்தான் புதுப் பெட்டியை அணைத்த நிலையில் கேபிள் மாட்டி, பிறகு கரண்ட் கொடு என்கிறார்கள். முன்பே தனியாக எழுப்பி, எண்ணை 1-க்கு இறக்கிவிட்டு அணைப்பது இன்னும் நல்லது.

விளக்கே எண் சொல்லும்

ரேக்கின் முன்னால் நின்றுகொண்டு இது இரண்டா மூன்றா என்று குழம்ப வேண்டாம். 3750-ல் முன்பக்கத்து ‘மோடு’ பட்டனை அழுத்தி ‘ஸ்டேக்’ விளக்குக்கு வாருங்கள். போர்ட் விளக்குகளில் எந்த எண் மினுக்குகிறதோ அதுதான் அந்தப் பெட்டியின் எண். மினுக்காமல் எரிபவை கூட்டாளிகள். தவறான பெட்டியின் கேபிளைப் பிடுங்காமலிருக்க இந்தப் பத்து விநாடி போதும்.

கல்பனா தந்த ஸ்விட்ச்

சந்தைக்கு வந்த முதல் ஈதர்நெட் ஸ்விட்ச் 1990-ல் ‘ஈதர்ஸ்விட்ச்’ என்ற பெயரில் வந்தது. போர்ட் ஏழுதான். அதைச் செய்த கலிஃபோர்னிய நிறுவனத்தின் பெயர் கல்பனா. நிறுவனர்களில் ஒருவரான வினோத் பரத்வாஜ் தன் மனைவியின் பெயரை வைத்தார். பல கேபிள்களைச் சேர்த்து ஒரே குழாயாக்கும் ஈதர்சேனலும் அங்கே பிறந்ததுதான். 1994-ல் சிஸ்கோ அந்த நிறுவனத்தை வாங்கிவிட்டது.

‘ரைட் குடுத்தியா?’

நெட்வொர்க் குழுக்களில் சீனியர் ஜூனியரிடம் தினமும் கேட்கும் கேள்வி இது. நாம் அடிக்கும் கட்டளை அந்த நொடியே அமலுக்கு வந்துவிடும்; ஆனால் அது இருப்பது ரேமில். ‘ரைட் மெமரி’ அல்லது ‘காப்பி ரன்னிங் ஸ்டார்ட்அப்’ கொடுத்தால்தான் கரண்ட் போனாலும் நிற்கும் இடத்துக்குப் போகும். ஸ்டேக்கில் இன்னொரு வசதி உண்டு: சேமித்த கன்ஃபிக்கின் நகல் எல்லாப் பெட்டியிலும் இருக்கும். தலைவர் செத்தாலும் கன்ஃபிக் சாகாது.

வருடக்கணக்கில் ரீபூட் ஆகாத ஸ்விட்ச்சைப் பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. யார் யாரோ சேமிக்காமல் விட்ட மாற்றங்களை அது இத்தனை வருடமும் ரேமில் சுமந்துகொண்டிருக்கலாம். யுபிஎஸ் பேட்டரி கைவிடும் இரவில்தான் அது தெரியவரும்.

‘ஷோ ரன்’ அடித்ததும் வரும் தலைப்பு வரிகளை யாரும் படிப்பதில்லை. அங்கே இரண்டு தேதிகள் இருக்கும். கடைசியாக மாற்றியது எப்போது, யார். கடைசியாகச் சேமித்தது எப்போது, யார். முதல் தேதி இரண்டாவதைவிடப் பிந்தியது என்றால் ஏதோ சேமிக்கப்படாமல் கிடக்கிறது. என்ன என்று வரிவரியாகப் பார்க்க ‘ஷோ ஆர்க்கைவ் கன்ஃபிக் டிஃபரன்சஸ்’ இருக்கிறது. கூட்டல் குறி, கழித்தல் குறி போட்டு வித்தியாசத்தைக் காட்டும்.

அந்தத் தேதி 1993 மார்ச் 1-ஐ ஒட்டி இருந்தால் பதற வேண்டாம். நேரம் அமைக்காத பழைய கேட்டலிஸ்ட் ஒவ்வொரு முறை எழும்போதும் அந்த நாளிலிருந்துதான் எண்ணத் தொடங்கும். நெட்வொர்க் வழியே நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி போடவில்லை என்று பொருள்.

என்விரேம் என்பது பாதி நாடகம்

கன்ஃபிக் ‘என்விரேம்’ என்ற தனி நினைவகத்தில் இருப்பதாகப் பாடப்புத்தகம் சொல்லும். 3750-ல் ‘ஷோ வெர்ஷன்’ பாருங்கள், அது ஃபிளாஷில் ஒரு பகுதியை அப்படி நடிக்க வைத்திருப்பதாக ஸ்விட்ச்சே ஒப்புக்கொள்ளும். உண்மையில் அது ஃபிளாஷுக்குள் இருக்கும் ‘கன்ஃபிக்.டெக்ஸ்ட்’ என்ற சாதாரண ஃபைல். பாஸ்வேர்டு மறந்தவர்கள் மோடு பட்டனை அழுத்தியபடி எழுப்பி, அந்த ஃபைலின் பெயரை மாற்றிவிட்டு உள்ளே போவது அதனால்தான் சாத்தியமாகிறது.

காப்பி என்றால் காப்பி அல்ல

தவறாக ஏதோ செய்துவிட்டோம், பழையதைக் கொண்டுவரலாம் என்று ‘காப்பி ஸ்டார்ட்அப் ரன்னிங்’ அடிக்கிறார்கள். அது பழையதைப் புதியதன்மேல் கொட்டும், அவ்வளவே. புதிதாகச் சேர்த்த வரிகள் அப்படியே இருக்கும். இருப்பதை அகற்றி அப்படியே மாற்ற வேண்டுமானால் ‘கன்ஃபிகர் ரீப்ளேஸ்’தான் சரி.

பத்து நிமிஷ உயிர்க்கயிறு

தொலைவில் இருக்கும் ஸ்விட்ச்சில் கை வைக்குமுன் ‘ரீலோட் இன் 10’ அடித்துவிட்டு வேலையைத் தொடங்குவது பழைய தந்திரம். தவறு செய்து வெளியே தள்ளப்பட்டாலும் பத்து நிமிஷத்தில் ஸ்விட்ச் ரீபூட் ஆகி, சேமித்த பழைய கன்ஃபிக்கோடு எழும். எல்லாம் சரியாக முடிந்தால் ‘ரீலோட் கேன்சல்’, பிறகு ரைட்.

இதில் ஒரு கண்ணி. ரேமில் மாற்றம் ஏதும் இருக்கும்போது ரீலோட் அடித்தால், “கன்ஃபிக் மாறியிருக்கிறது, சேமிக்கட்டுமா?” என்று ஸ்விட்ச் கேட்கும். விரல் பழக்கத்தில் ‘யெஸ்’ என்றால் கயிற்றை நாமே அறுத்துக்கொள்கிறோம். எதிலிருந்து தப்ப நினைத்தோமோ அதையே சேமித்துவிட்டு ரீபூட் ஆகும். ஆகவே முதலில் நல்ல நிலையைச் சேமித்து, பிறகு ரீலோட்டை அமைத்து, அதற்கப்புறம் மாற்றத்தைத் தொடங்குவதே வரிசை.

ஸ்டேக்கில் இதற்கு விலை அதிகம், எல்லாப் பெட்டியும் சேர்ந்து விழும். ஆர்க்கைவ் அமைத்திருக்கும் புதிய ஐஓஎஸ்களில் (சிஸ்கோ ஸ்விட்ச்சின் மென்பொருள்) ‘கன்ஃபிகர் டெர்மினல் ரிவர்ட் டைமர் 10’ என்று நுழைவது மேல். நேரத்துக்குள் ‘கன்ஃபிகர் கன்ஃபர்ம்’ அடிக்காவிட்டால் ரீபூட் இல்லாமலே மாற்றங்கள் மட்டும் திரும்பிப் போகும்.

ஜூனிப்பர்காரர்களுக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருக்கும். அங்கே ‘கமிட் கன்ஃபர்ம்டு’ பிறவியிலேயே உண்டு. கெடு சொல்லாவிட்டால் பத்து நிமிஷம். போதாததற்குப் பழைய கன்ஃபிக்குகளுக்கு 0 முதல் 49 வரை எண் போட்டு வைத்திருக்கும். மைக்ரோடிக்கில் அடித்தது எல்லாம் அப்போதே சேமிப்பு. பயந்தவர்களுக்கு கன்ட்ரோல்-எக்ஸ் அழுத்தினால் ‘சேஃப் மோடு’. இணைப்பு அறுந்தால் செய்ததெல்லாம் ரத்து.

உள்வழியே நம்பியிருந்தால்

2022 ஜூலை 8 அன்று கனடாவின் ரோஜர்ஸ் நெட்வொர்க் நாடு முழுக்கப் படுத்தது. ஒரு ரவுட்டரின் கன்ஃபிக்கில் ஒரு ஃபில்டரை நீக்கியதில் வழித்தடத் தகவல்கள் வெள்ளமாகப் பாய்ந்து மையக் கருவிகள் திணறின. சரிசெய்ய வேண்டிய பொறியாளர்களின் மேலாண்மை வழியும் அதே மையத்தை நம்பியிருந்ததால் கருவிகளுக்குள் நுழையவே நேரம் பிடித்தது. நம் ஸ்டேக்குக்கு ஒரு கன்சோல் கேபிளாவது தனியாக இருக்கட்டும். எந்தப் பெட்டியின் கன்சோலில் செருகினாலும் மொத்த ஸ்டேக்கும் கிடைக்கும்.

பேக்அப்பில் இல்லாதவை

‘ஷோ ரன்’ எடுத்து நோட்பேடில் ஒட்டி வைத்தால் பேக்அப் முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு மூன்று செய்திகள்.

விலான்கள் அதில் இல்லாமலிருக்கலாம். விலான் பட்டியலை ஸ்விட்ச்சுகளுக்கிடையே பகிரும் விடிபியின் சர்வர் நிலையில், அதாவது கேட்டலிஸ்ட்டின் இயல்பு நிலையில், 1 முதல் 1005 வரையான விலான்கள் ‘விலான்.டாட்’ என்ற தனி ஃபைலில் இருக்கும். டெக்ஸ்ட்டை மட்டும் புது ஸ்விட்ச்சில் ஒட்டினால் ஆக்சஸ் போர்ட்டுகளின் விலான்கள் பெயரில்லாமல் முளைக்கும். டிரங்க்கில் கடந்து மட்டும் போகிற விலான்கள் முளைக்கவே முளைக்காது. ‘எரேஸ் ஸ்டார்ட்அப்’ கொடுத்தாலும் இந்த ஃபைல் அழியாது. அழிந்துவிட்டதாக நினைத்து எடுத்துவந்த பழைய ஸ்விட்ச், அதிக ரிவிஷன் எண்ணோடு அதே விடிபி டொமைனில் நுழைந்து, ஓடிக்கொண்டிருக்கும் விலான் பட்டியலையே மாற்றி எழுதுவது விடிபியின் முதலிரண்டு பதிப்புகளில் பேர்போன விபத்து. மூன்றாம் பதிப்பில் அதற்குப் பூட்டு போட்டார்கள்.

எஸ்எஸ்எச்சுக்கான ஆர்எஸ்ஏ சாவிகளும் அதில் இருக்காது. மாற்று ஸ்விட்ச்சில் புதிதாக உருவாக்கும் வரை எஸ்எஸ்எச் வராது.

பெட்டியின் எண்ணும் முன்னுரிமையும் அந்தந்தப் பெட்டியிலேயே இருப்பவை. ஆக பேக்அப் எடுக்கும் அன்றே ‘ஷோ ஸ்விட்ச்’ வெளியீட்டையும் அதே ஃபோல்டரில் போட்டு வையுங்கள்.

டிஎஃப்டிபி

கன்ஃபிக் பேக்அப்பை வேறு கணினிக்கு அனுப்பப் பலர் கைவைப்பது இதில்தான். 1981-ல் ஆர்எஃப்சி 783-ஆகப் பதிவான இந்த வழிமுறையில் பாஸ்வேர்டும் இல்லை, மறைகுறியாக்கமும் இல்லை. 512 பைட் துண்டுகள், 16 பிட் எண். எனவே மூல வடிவில் 32 எம்பிக்கு மேல் போனாலே தடுமாறும். கன்ஃபிக் சின்ன ஃபைல்தான், அளவு பிரச்சினையில்லை. அது யார் கண்ணிலும் படும்படி திறந்தபடியே போகிறது என்பதுதான் பிரச்சினை. மறைகுறியாக்கி அனுப்பும் எஸ்சிபி இருக்க இதற்கு என்ன அவசியம்?

சட்டுச்சட்டென்று

சிஸ்கோவின் நெக்சஸ் ஸ்விட்ச்சில் ‘ரைட்’ என்று அடித்தால் இயல்பாக ஏற்காது. முழுதாக ‘காப்பி ரன்னிங் ஸ்டார்ட்அப்’ அடிக்க வேண்டும், அல்லது நாமே சுருக்குப்பெயர் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்டேக்கில் வெறும் ‘ரீலோட்’ மொத்தத்தையும் வீழ்த்தும். மூன்றாவது பெட்டி மட்டும் போதுமென்றால் ‘ரீலோட் ஸ்லாட் 3’.

பெட்டி எண்ணை 2-லிருந்து 3-ஆக மாற்றினால் 2/0/1-ன் கன்ஃபிக் 3/0/1-க்கு நடந்து வராது. மாற்றம் அமலுக்கு வருவதும் அந்தப் பெட்டி ரீலோட் ஆன பிறகுதான்.

‘பாஸ்வேர்டு 7’ என்று ஆரம்பிக்கும் வரி குழப்பிக் காட்டப்படுவது மட்டுமே. ஒரு நொடியில் திரும்பப் படிக்கலாம். அமெரிக்காவின் என்எஸ்ஏ 2022-ல் வெளியிட்ட குறிப்பு டைப் 8-ஐப் பயன்படுத்தச் சொல்கிறது.

ஆகவே யாராவது உதவிக்கு உங்கள் கன்ஃபிக்கைக் கேட்டால் ‘ஷோ ரன்’னை அப்படியே வாட்ஸ்அப்பில் தட்டிவிடாதீர்கள். ‘ஷோ டெக்-சப்போர்ட்’ எடுத்தால் அதில் வரும் கன்ஃபிக்கில் பாஸ்வேர்டு இருந்த இடங்களை ஸ்விட்ச்சே துடைத்துவிட்டுத் தரும். ஐபி முகவரிகளைத் துடைக்காது. அந்த வேலை உங்களுடையது.